மின்னழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் பிராசசரை அதன் இயல்பு வேகத்தைத் தாண்டி ஓடவைக்கும் ஓவர்கிளாக்கிங் பற்றி வெளிவந்த கட்டுரை, 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை 50 என்ற பெருக்கியால் பெருக்கினால் 5 கிகாஹெர்ட்ஸ் எவ்வாறு கிடைக்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், கணினி நிலையாக ஓடாவிட்டால் மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள் என்று ஒரே வரியில் அது முடித்துக்கொண்டதை என்னால் ஏற்க இயலவில்லை. மின்னழுத்தத்தில் கை வைப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை; கோளாறு எங்கிருந்து வருகிறது என்பதை அதற்கு முன்பே கண்டறிந்தாக வேண்டும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது கணினியின் தற்காலிக நினைவகமான ராமை. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடமான பயாஸில், ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கியவுடன் ராம் பெரும்பாலும் தரநிலை வேகத்தைத் தாண்டி ஓடத் தொடங்குகிறது. பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியின் மீதும் அதன் சுமை விழுகிறது. பெட்டியில் அச்சிட்ட வேகம்தானே என்று பலர் இதை ஓவர்கிளாக்காகவே கருதுவதில்லை. ஆகவே அந்த அமைப்பை நிறுத்தி, ராமை இயல்பு வேகத்துக்குத் திருப்பிவிட்டுச் சோதிக்க வேண்டும். அப்போது கணினி சீராக ஓடினால், பிராசசரின் மின்னழுத்தத்தைக் கூட்டுவதால் பயன் ஏதும் விளையப்போவதில்லை. பிராசசரை இயல்பு வேகத்தில் வைத்துக்கொண்டு மெம்டெஸ்ட்86 கொண்டு ராமை மட்டும் தனியே சோதித்துப் பார்ப்பதும் நல்லது.

அடுத்ததாக, கணினியே எழுதிவைக்கும் குறிப்புகளைப் படிக்க வேண்டும். நீலத்திரை வந்து மறுதொடக்கம் ஆனதும் மறுபடி பயாஸுக்குள் ஓடுவதைவிட, விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் பதிவுகள் உள்ளனவா என்று பார்க்கலாம். 19 என்ற எண் திருத்தப்பட்ட பிழையையும், 18 என்ற எண் கணினியை வீழ்த்திய பிழையையும் குறிக்கும். திரையில் எந்தத் தொல்லையும் தெரியாதபோதே 19 அடுக்கடுக்காகப் பதிவாகியிருந்தால் அந்த வேகம் நிலையானது அன்று. பதிவில் காணும் ஏபிஐசி எண், பிழை பிராசசரின் எந்தக் கோரில், அதாவது தனித்தனியே கணக்கிடும் எந்த உட்பகுதியில், நேர்ந்தது என்பதைக் கண்டறிய உதவும். ஒவ்வொரு முறையும் ஒரே கோர்தான் சிக்குகிறது என்றால் அந்த ஒன்றின் வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். எல்லாக் கோர்களையும் கூடுதல் மின்னழுத்தத்தில் வறுத்தெடுக்க வேண்டியதில்லை.

கணினி எப்போது விழுகிறது என்பதும் ஒரு தடயமே. பிரைம்95 போன்ற கடும் சோதனையில் மட்டும் விழுகிறதென்றால், வெப்பத்தையும், சுமை ஏறும்போது மின்னழுத்தம் இறங்குவதையும் கவனிக்க வேண்டும். பயாஸில் 1.30 வோல்ட் என்று வைத்தாலும் முழுச் சுமையில் பிராசசருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம். இந்த இறக்கத்தை ஈடுகட்ட லோட்-லைன் அமைப்பு உண்டு. ஆனால் அதை உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று நீங்கும் கணத்தில் மின்னழுத்தம் எகிறும். மாறாக, கடும் சோதனைகளை எல்லாம் தாண்டிவிட்டு, சும்மா இருக்கும்போதோ இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போதோ விழும் கணினிகளும் உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பின் மூலம் மின்னழுத்தத்தை அளவு மீறிக் குறைத்தவர்கள் இதை நன்கு அறிவார்கள்: சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் தன் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது; அந்த வேகத்துக்குக் குறைத்துவைத்த மின்னழுத்தம் போதுவதில்லை. இரவு முழுதும் பிரைம்95 ஓடியது என்பதை மட்டும் நிலைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் மின்னழுத்தத்தைக் கூட்டத்தான் வேண்டும் என்றால், அதன் விலையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பிராசசர் இயங்கச் செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது, 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வேகம் மாறாமலே செலவு ஏறத்தாழ 17 விழுக்காடு கூடும். கட்டுரை சொல்லும் ‘சற்று’ இத்தனை பெரியது.

மிகை மின்னழுத்தம் வெப்பத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, ஓவர்கிளாக் செய்யப்படாமலேயே மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. 2024இல் அந்நிறுவனம் பிராசசரின் உள்நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதடைந்த பிராசசரை அத்திருத்தம் மீட்டுத் தராது. அத்தகைய பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்து, எல்லா அமைப்புகளையும் இயல்புக்குத் திருப்பிய பின்பும் கணினி விழுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அவ்வாறு இயல்புக்குத் திருப்பியும் கோளாறு நீங்காவிட்டால் உடனே வன்பொருளைக் குறை சொல்லவும் கூடாது. நிலையற்ற வேகத்தில் ஓடிய நாட்களில் விண்டோஸின் கோப்புகளே சிதைந்திருக்கலாம். அவற்றைச் சரிபார்த்துச் செப்பனிட்ட பிறகே அடுத்த முடிவுக்கு வர வேண்டும். கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், இந்தச் சோதனை வரிசையையும், கணினி திரையே காட்டாமல் நின்றுவிட்டால் மதர்போர்டின் சிமாஸ் நினைவகத்தில் சேமிக்கப்பட்ட பயாஸ் அமைப்புகளை அழித்து மீட்கும் முறையையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்