கவிதைத் தொகுப்புக்குப் பணம் கேட்டால்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

"உங்கள் கவிதை தேர்வாகிவிட்டது, நூறு கவிஞர்கள் தொகுப்பில் இடம் உண்டு, ஜிபேயில் பணம் அனுப்புங்கள்" என்று நம் குழுவில் புதிதாக எழுதும் சிலருக்குச் செய்தி வருகிறது. அனுப்பாதீர்கள். கவிதையை அனுப்பிய பத்தே நிமிடத்தில் அது தேர்வாகிறது என்றால் அதை யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள். அவர்கள் தரும் சான்றிதழும் கேடயமும் உங்கள் காசில் செய்தவைதான்.

சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தவறில்லை. ஆனால் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் உஷார். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்து மூலம்தான் மாற்றித்தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் "எல்லா உரிமையும், நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்று ஒரு வரியை நடுவில் செருகிவிடுகிறார்கள். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கவிதையைப் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதே.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

"திருத்தித் தருகிறேன்" என்று பெண்களுக்கு நள்ளிரவில் தனிச்செய்தி அனுப்பும் ஆசான்கள் இங்கே இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவோம்.

ஒப்பந்தம் கையில் இருப்பவர்கள் ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கு அருகே தமிழ்ச் சங்க வாசலுக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.

– குழு நிர்வாகிகள், பெங்களூரு