அரையாண்டு விடுமுறையை முன்னிட்டுப் பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்துவிட்டன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் வழக்கம்போலப் பரிசுகள் பெற்றனர். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஊக்கமளித்த உங்களுக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பின் வழங்கப்படும்.

விடுமுறை தொடங்குவதற்குள் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இம்மாதத் தொடக்கத்தில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் தம்பியும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைவலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி வாந்தியும் எடுத்தான். காய்ச்சல் இல்லை; மதியத்துக்குள் இருவரும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான்கு நாள் கழித்து இதுவே மறுபடி நடந்தபோதுதான், இரவில் எந்த அறையில் படுக்கிறீர்கள் என்று வகுப்பாசிரியை கேட்டார். கரிச்சட்டி, அதாவது குளிர்காயக் கரி மூட்டிய சட்டி, வைத்த அறையில் என்றார்கள். அந்த அறையின் வென்டிலேட்டரை உறைபனிக்குப் பயந்து சிமென்ட் சாக்கால் அடைத்து, கதவிடுக்கிலும் பழைய போர்வையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அவ்வீட்டாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீலகிரியின் மார்கழிக் குளிர் எப்படிப்பட்டதென்று நானும் அறிவேன். "புகை அடங்கிய பிறகுதான் சார் உள்ளே எடுத்துட்டுப் போவோம்" என்று அந்தத் தந்தை சொன்னது உண்மைதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது. புகை அடங்கிச் செந்தணலாகக் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தொடர்ந்து வெளியேறுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண்ணையும் கரிக்காது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அந்த ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், தூங்குபவர் விழித்துக்கொள்ளாமலே மயக்கத்துக்குப் போய்விடக்கூடும். அடைத்த அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய இந்த வாயு கூடுதலாக உண்டாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் போதும் என்ற நம்பிக்கையால் பயனில்லை. இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகச் சொற்பமே.

கரிச்சட்டி இல்லாத வீட்டாரும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்திக் கதவையும் ஜன்னலையும் சாத்திக் குளிப்பதும் இதே ஆபத்துதான். சிலிண்டர் கசிந்தால் தெரிய வேண்டுமென்றே எரிவாயுவில் நாற்றம் சேர்க்கப்படுகிறது; அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்த நாற்றம் கிடையாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டுவதே முறை. அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குக் காய்ச்சலின்றித் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போனால் தெளிந்தால், சளி என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். எல்லாரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, அறையில் கரி எரிந்ததென்று மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். இந்த நஞ்சேறிய இரத்தத்திலும் ஆக்சிஜன் இயல்பாக இருப்பதாகவே அது காட்டக்கூடும்.

கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகள் உறங்கும் அறையில் கரிச்சட்டி இருக்கவே கூடாது. 'கொஞ்ச நேரம்தான்', 'கதவை ஒருக்களித்துத்தான் வைத்தோம்' என்ற விளக்கங்களை நான் ஏற்கப்போவதில்லை. விடுமுறைக்குப் பின் எந்தக் குழந்தையாவது இதே அறிகுறிகளோடு வந்தால், பள்ளியிலிருந்து நேராக மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத்தான் உங்களுக்குத் தகவல் சொல்வோம்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க. முகம் சுளிக்காமல் எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அன்று மாலையே சாக்கை உருவியெடுத்த அந்தப் பெற்றோருக்கும், தலைவலி மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் விசாரித்த வகுப்பாசிரியைக்கும் என் மனமார்ந்த நன்றி. கூடுதல் கம்பளி தேவைப்படும் குடும்பங்கள் தயக்கமின்றி என்னிடம் தெரிவியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாக இயன்றதைச் செய்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்