60 நட்சத்திரங்களும் 16 கிலோபைட்டும்: போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மாணவர்களுக்கான மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். 7ஆம் விதி பற்றித்தான் எழுதுகிறேன்: நிரலின் ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்குள்ளும்) முகப்புக் குறிப்பு இருக்க வேண்டும், சுருக்கிய நிரலைப் பலகையில் ஏற்றக் கூடாது என்கிற விதி. போன சுற்று முடிந்த அன்றே வாய்மொழியாகச் சொன்னேன், ‘எழுத்தில் கொடுங்கள், பார்க்கலாம்’ என்றீர்கள். இரண்டு முறை எழுத்திலும் கொடுத்தாயிற்று. இனி எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். கமெண்டோடு, அதாவது மனிதர் படிக்க எழுதும் விளக்கக் குறிப்போடு, கூடிய முழு நிரலைத் தனிக் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். பலகையில் ஏற்றும்போது கமெண்டையும் வீண் இடைவெளியையும் நீக்கி அதைச் சுருக்கி ஏற்றப் பிள்ளைகளை அனுமதியுங்கள்.

என்ன நடந்தது என்பது உங்கள் நடுவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கையில் இருந்தது யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த முதல் பதிப்பு மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகை, அதில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி நிரலை ஓட்டும் எஸ்ப்ரூயினோ என்ற மென்பொருள். மொட்டைமாடித் தோட்டத்தில் டிஎச்டி11 சென்சாரை வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் குறித்துக்கொள்ளும் நிரல். ஒரு நாளைக்கு 144 முறை, இரண்டு அளவு, ஆக 288 எண்கள். சாதாரண அரேயில் (எண் பட்டியலில்) வைத்தால் இடம் போதாது என்று தானே கண்டுபிடித்து, ஓர் எண்ணுக்கு ஒரு பைட் மட்டும் பிடிக்கும் யுஇன்ட்8அரேக்கு மாற்றினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ப்ராசஸ்.மெமரி() என்று அடித்து அடித்து, எதை மாற்றினால் எத்தனை நினைவகப் பெட்டி மிஞ்சுகிறது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தாள். வீட்டில் மூன்று நாள் தரவு அப்படியே நின்றது.

போட்டிக்கு முந்தின இரவு உங்கள் முகப்புக் குறிப்பை ஒட்டினாள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் முதல் வரியிலேயே தொடங்க வேண்டிய அந்தக் குறிப்பு. மேலே 60 நட்சத்திரக் குறி (*). பெயர், வகுப்பு, பள்ளி, நோக்கம், உள்ளீடு, வெளியீடு. கீழே மறுபடி 60 நட்சத்திரம். அவள் நிரலில் ஆறு ஃபங்ஷன்கள். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு பைட், ஆக நட்சத்திரங்களுக்கு மட்டும் 720 பைட். அவளுடைய கணக்கில் அது இரண்டரை நாள் தரவு. பெயரும் பள்ளியும் ஆறு ஆறு தடவை வந்த கணக்கை நான் இன்னும் போடவில்லை.

மறுநாள் அரங்கில் ஏற்றியதும் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று பிழைச்செய்தி வந்தது. அழுதுகொண்டே மூன்று நாளை அரை நாளாகக் குறைத்து ஓட வைத்தாள். நடுவர் கேட்ட முதல் கேள்வி: ‘ஏம்மா, அரை நாள் தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ அதற்கும் மதிப்பெண் குறைந்தது. இடம் மிச்சம் பிடிக்க மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயர் வைத்திருந்தாள், அதற்கும் குறைந்தது.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எஸ்ப்ரூயினோ ஜாவாஸ்கிரிப்டை வேறொன்றாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்வதில்லை. ஃபங்ஷனின் உடலை நாம் எழுதிய எழுத்தாகவே வைத்துக்கொண்டு, ஓடும்போது படிக்கிறது. ராமில் (ஓடும்போது பயன்படும் நினைவகத்தில்) ஏற்றினால் உள்ளே இருக்கும் இடைவெளி, கமெண்ட், நட்சத்திரம் எல்லாம் ராமில்தான் உட்காரும். அதுவும் சின்னச் சின்னப் பெட்டிகளாக, பலகையைப் பொறுத்து 12 முதல் 16 பைட் வரை. ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் அடுத்த பெட்டி எங்கே என்று குறிக்கவே போய்விடும். ஆக 720 என்பதும் குறைத்துச் சொன்ன கணக்குதான். முதல் பதிப்பு மைக்ரோபிட்டில் மொத்த ராமே 16 கிலோபைட். புளூடூத்துக்கும் எஸ்ப்ரூயினோவின் சொந்தச் செலவுக்கும் போக, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சில கிலோபைட்.

அதே குறிப்பை ஃபங்ஷனுக்கு வெளியே, மேலே எழுதினால் ஏற்றும்போதே படித்துத் தள்ளிவிட்டுப் போய்விடும், இடம் பிடிக்காது. பிறகு ஏன் உள்ளே வைக்கச் சொல்கிறீர்கள்? பலகையில் உள்ளதைக் காட்டும் டம்ப்() கட்டளையை அடித்தால் கமெண்டோடு நிரல் திரும்பி வர வேண்டும், அதைப் பார்த்துத்தான் பிள்ளை தானே எழுதியதா என்று முடிவு செய்வோம் என்கிறீர்கள். ஐயா, அது திரும்பி வருவதே அத்தனை எழுத்தும் ராமில் கிடப்பதால்தான். வாடகை கொடுப்பது பிள்ளைகள்.

இன்னொரு வேடிக்கை. ‘சுருக்கிய நிரல் ஏற்றினால் தகுதிநீக்கம்’ என்று விதியில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆனால் நீங்களே அனுமதித்த டிஎச்டி11 மாட்யூலை (அந்தச் சென்சாருக்கான ஆயத்த நிரலை) எஸ்ப்ரூயினோவின் ஐடிஇ, அதாவது நிரலை எழுதி ஏற்றும் மென்பொருள், எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். சுருக்கிய பிரதி இருக்கிறதா என்றுதான் அது முதலில் தேடும், இருந்தால் அதைத்தான் ஏற்றும். அந்த மாட்யூலையும் தகுதிநீக்கம் செய்வீர்களா?

‘அரங்கில் இணையம் கிடையாது, எல்லோரும் எப்படிச் சுருக்குவார்கள்’ என்று ஒரு பதில் வந்தது. நிரலைச் சுருக்க ஐடிஇயில் இரண்டு கருவிகள் உண்டு. குளோஷர் வேண்டுமானால் இணையம் வேண்டும். எஸ்ப்ரிமாவைத் தேர்ந்தெடுத்தால் பிரவுசருக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். அமைப்பில் ஒரு கிளிக். பிள்ளையின் கோப்பு அப்படியே இருக்கும், பலகைக்குப் போவது மட்டும் மெலிந்து போகும். அப்புறம், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு நேராக அனுப்பும் வசதியும் இருக்கிறது. அப்படி அனுப்பினால் ஃபங்ஷனின் உடல் ஃபிளாஷிலேயே கிடந்து அங்கிருந்தே ஓடும், ராம் தப்பிக்கும். அதையும் ‘ராமில் மட்டுமே ஏற்ற வேண்டும்’ என்று அடைத்துவிட்டீர்கள்.

இந்த விதியால் எல்லோரும் கஷ்டப்பட்டார்கள் என்றால்கூட மனசு ஆறும். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு மைக்ரோபிட்டில் ராம் 128 கிலோபைட், எட்டு மடங்கு. அதை வைத்திருந்தவர்கள் நட்சத்திரத்தை அள்ளித் தெளித்துவிட்டுப் போனார்கள். யாரிடம் எந்தப் பதிப்பு இருந்தது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

கமெண்ட் எழுதும் பழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் முதலில் திட்டுவதே கமெண்ட் இல்லாததற்குத்தான். ஆனால் நமக்கு ரெக்கார்டு நோட்டு எழுதி எழுதிப் பழகிவிட்டது. சோதனை தப்பாக வந்தாலும் மார்ஜின் நேராக இருக்க வேண்டும், இடது பக்கம் பென்சில், வலது பக்கம் பேனா, முதல் பக்கத்தில் பொருளடக்கம். மைக்ரோகண்ட்ரோலருக்குப் பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டச் சொல்லாததுதான் பாக்கி. குறிப்பு தமிழில் இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டு ஒருவர் யோசனை சொல்வார் பாருங்கள். நல்ல யோசனைதான், எனக்கும் ஆசைதான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘வெப்பம்’ என்று எழுதினால் 21 பைட். தனிக் கோப்பில் எழுதட்டும், பக்கம் பக்கமாக எழுதட்டும், கணினியில் இடமா இல்லை?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்து சம்பளமில்லாமல் இந்தப் போட்டியை நடத்துகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் மறுபடி பணிவாகவே கேட்கிறேன். கமெண்டோடு மூல நிரலைக் கோப்பாக வாங்குங்கள். பிள்ளையை உட்கார வைத்து, ஒரு ஃபங்ஷனைக் காட்டி ‘இது என்ன செய்கிறது’ என்று கேளுங்கள், தானே எழுதினாளா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பலகையில் ஏற்றுவது சுருங்கி இருக்கட்டும். அடுத்த சுற்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. விதியை முழுதாக மாற்றக் குழு கூட வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றால், இப்போதைக்கு அந்த நட்சத்திர வரிகளை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அவள் நோட்டில் மூன்று நாள் கணக்கு இன்னும் அடிக்காமல் இருக்கிறது.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் பாடம் எடுக்கும் ஒரு தன்னார்வலர்