அடுப்புக் காயில் அறுந்த இடத்தைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பக்கத்து அரிவாள் பட்டறைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் ஒரு பட்டறைக்காரர், "கரண்ட் அடுப்பு வாங்கினேன், ஆறு மாதத்துக்கு ஒரு காயில் போகிறது, நமக்குக் கரி உலைதான் சரி" என்று சொன்னதை முடிந்த முடிவு போலப் போட்டுவிட்டீர்கள். எனக்கு இடிப்பது அங்கேதான். (காயில் என்பது அடுப்புக்குள் சூடேறுகிற கம்பிச் சுருள்.)

எனக்குத் திசையன்விளைப் பக்கம் பட்டறை. வாழைக்கு வெட்டரிவாள் அடிப்பேன் என்றாலும் பிழைப்பு ஓடுவது பாளை அரிவாளில். பனம்பாளையின் நுனியைக் காகிதக் கனத்துக்குச் சீவுகிற ஆயுதம் அது. வாய் மடங்கினாலும் வம்பு, பொடிந்தாலும் வம்பு. அப்பா காலத்தில் அந்தி சாய்ந்த பிறகுதான் துவைச்சல் போடுவார்கள், அதாவது பழுக்கக் காய்ச்சிய அரிவாளைச் சட்டென்று முக்கி ஆற்றி வாயைக் கடினமாக்குவார்கள். பகல் வெளிச்சத்தில் பழுத்த இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். எனக்கு அப்பாவின் கண் கிடையாது, அதனால் அடுப்பு வாங்கினேன். லாரி ஸ்பிரிங் பிளேட்டில் அடித்த அரிவாள் 830லிருந்து 850 டிகிரிக்குள் பத்து நிமிடம் நின்று எண்ணெயில் இறங்க வேண்டும். அப்புறம் வாய் பொடியாமலிருக்க 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை காய வேண்டும். இதைக் கரியில் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. ஒரே மாதிரி ஐம்பது அரிவாள் செய்ய என்னால் முடியாது.

என் அடுப்பும் நாலு மாதத்தில் படுத்தது. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். "அண்ணாச்சி, காயில் போயிட்டு. மாத்திருவோம்" என்றார்கள். மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி போனது. இந்த முறை அறுந்த இரண்டு நுனியையும் முறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார்கள், அது மூன்று நாள். அதற்குமேல் பொறுக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டை நானே கழற்றினேன்.

பழைய அறுப்பு எதுவும் அடுப்புக்குள் இல்லை. சுவரைத் தாண்டி வெளியே வந்து போல்ட்டில் மாட்டுகிற இடத்தில்தான் கம்பி கரிந்து போயிருந்தது. நட்டை விரலால் திருகினேன், சுற்றியது. போல்ட் கறுத்து, வாஷர் நீலம் பாரித்துக் கிடந்தது. அங்கே பிடி தளர்ந்தால் அந்த ஓர் இடத்திலேயே சூடு சேரும். சூடு சேரச் சேரத் துரு ஏறும், துரு ஏறினால் இன்னும் சூடு. இது போதாதென்று, சுவருக்குள் போகிற நுனியைக் கம்பியை இரட்டையாக மடித்து முறுக்கி விட வேண்டும், அப்போதுதான் அந்தப் பகுதி அதிகம் காயாது. கடைக்காரர்கள் ஒற்றைக் கம்பியாகவே விட்டிருந்தார்கள். குற்றம் நட்டிலும் நுனியிலும், பழி காயில் மேல்.

அதனால்தான் சொல்கிறேன், காயில் போனால் உடனே மாற்றாதீர்கள். அறுந்த இடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். போல்ட் பக்கம் அறுந்திருந்தால் மேலே சொன்ன கதை. நடுப்பகுதியில், கம்பியோடு கண்ணாடி மாதிரி கறுப்பாக ஏதாவது உருகி ஒட்டியிருந்தால், அது வெங்காரமோ (இரும்பைப் பற்றவைக்கும்போது தூவுகிற பொடி) இரும்புச் செதிலோ விழுந்த இடம். காயில் கம்பிக்குக் காந்தல் என்று பெயர். அடிப்பிடித்த சோற்றுக் காந்தல் இல்லை, 1931ல் தொடங்கிய ஸ்வீடன் கம்பெனியின் பெயர் (பொருத்தம்தான்!). இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த அந்தக் கம்பி சூட்டில் தன்மேல் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அதன் ஆயுசு முழுக்க அந்தத் தோலில்தான். வெங்காரம் அதைத் தின்றுவிடும். துவைச்சல் எண்ணெயைத் துடைக்காமல் அரிவாளை அடுப்பில் வைத்தால் கிளம்புகிற புகையும் நல்லதல்ல. இதை நானே செய்துகொண்டிருந்தேன்.

புதுக் காயில் போட்டதும் காலி அடுப்பை 1050 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம் ஓட்டினால் தோல் நன்றாகப் பிடிக்கும். எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. ஒரு தடவை காய்ந்த காந்தல் கம்பி, ஆறிய பிறகு ஈர்க்குச்சி மாதிரி ஒடியும். ஆகவே பழைய காயிலைச் சூடாக்காமல் வளைக்கவோ முறுக்கவோ கூடாது.

மூன்றாவது வகை, கம்பி தொய்ந்து, மெலிந்து, நுனியில் சொட்டு மாதிரி உருகி அறுவது. இது பெரும்பாலும் கணக்குத் தப்பு. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் அடுப்பு என்றால் காயிலின் மின்தடை 17.6 ஓம் காட்ட வேண்டும், 13 ஆம்பியர் இழுக்கும். எனக்கு மாட்டித் தந்த காயிலை மல்டிமீட்டரில் பார்த்தேன், 13 ஓம். அதாவது 4 கிலோவாட்டுக்கு மேல், கிட்டத்தட்ட 18 ஆம்பியர். என் 16 ஆம்பியர் பிளக் ஏன் இளகியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இனி எந்தக் கடையில் காயில் வாங்கினாலும் கவுண்டரிலேயே மீட்டர் வைத்துப் பார்ப்பேன், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கம்பியைக் குற்றம் சொல்லவே முடியாத பழுதுகளும் உண்டு. சாயங்காலம் எங்கள் பக்கம் வோல்ட்டேஜ் 190க்கு இறங்கினால் அதே அடுப்பு 2 கிலோவாட்தான் தரும், 850ஐத் தொட மூச்சு வாங்கும். இரண்டு காயிலைப் பக்க இணைப்பில் (பேரலல்) போட்ட அடுப்பில் ஒன்று மட்டும் அறுந்தாலும் இதே நோய்தான், அடுப்பு சுடும், ஆனால் ஏறாது.

அப்புறம் எஸ்.எஸ்.ஆர்., அதாவது சாலிட் ஸ்டேட் ரிலே, காயிலுக்குப் போகிற கரண்டை விட்டு நிறுத்துகிற சுவிட்ச். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்த ரிலே கெடும்போது பெரும்பாலும் அணையாமல் கெடும். சூட்டை அளந்து கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் நிறுத்து என்றாலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்தால் 850ல் நிற்க வேண்டிய அடுப்பு 1080ல் நிற்கிறது. உள்ளே இருந்த ஆறு அரிவாளில் ஒன்றைத் துவைத்து உடைத்தேன், உடைந்த வாய் சீனி கொட்டினாற்போலப் பருமணலாக இருந்தது. ஆறும் பாழ். அதிலிருந்து எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் தனியாக ஒரு கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) வைத்திருக்கிறேன், சூடு எல்லை மீறினால் அது வெட்டிவிடும். கன்ட்ரோலர் காட்டுவது சரியா என்று சந்தேகம் வந்தால் ஒரு காந்தம் போதும். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும்.

கதவைத் திறந்ததும் கரண்டை வெட்டுகிற சுவிட்ச் இல்லாத அடுப்பை யாரும் வாங்க வேண்டாம். காயிலில் மின்சாரம் ஓடும்போது குறடு பட்டால் கை வழியாகத்தான் இறங்கும். எஸ்.எஸ்.ஆர். அணைந்திருந்தாலும் கொஞ்சம் கசியும், ஆகவே கன்ட்ரோலரில் நிறுத்திவிட்டோம் என்று கையை உள்ளே விடக் கூடாது. பிளக் வெளியே வந்திருக்க வேண்டும்.

உங்கள் கட்டுரையில் வந்த அன்பர் கழற்றிய காயில்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் வைத்திருந்தால், ஒன்றிரண்டை என்னிடம் எடுத்து வரச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்ப்போம். மாசி பிறப்பதற்குள் வந்தால் நல்லது. அப்புறம் பனையேறும் அண்ணாச்சிமார் வாசலில் வந்து நிற்பார்கள், எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓர் அரிவாள் பட்டறைக்காரர்,
திசையன்விளை வட்டாரம்.