சனிக்கிழமை அட்வான்ஸ் குடுத்துடாத

டேய் செந்திலு,

நல்லாருக்கியா, தங்கச்சி பசங்கல்லாம் சௌக்கியந்தானே. பொங்கலுக்கப்புறம் உனக்கு ஒரு வரி கூட எழுதல, திட்டுறத நேர்ல வரப்ப மொத்தமா திட்டிக்க. இப்ப அந்த ட்ரக் விஷயம் அவசரம்.

நீ அனுப்புன போட்டோவப் பாத்தேன், ஃபோர்டு எஃப்-250 டீசல், அழகான வண்டி, இல்லேங்கல. 15,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்னு சேல்ஸ்காரர் சொன்னாருன்னு எழுதிருக்க. இழுக்கும்டா. இழுக்குறதா பிரச்சன? ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் பின்னாடி பம்பர்ல தொங்குறது இல்ல, அதோட கழுத்து உன் ட்ரக்கோட சாமான் ஏத்துற பெட்டுக்குள்ள, பின் ஆக்சில் மேல வந்து உக்காருது. ட்ரெய்லர் எடையில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அப்படியே உன் வண்டி முதுகுல. நீ பாத்து வச்சிருக்கிற ட்ரெய்லர் ஃபுல் லோடுல 13,500 பவுண்டு, அப்ப உன் வண்டி முதுகுல ஏறுறது மட்டும் 2,700. ட்ரெய்லர மாட்டுற ஹிட்ச் ஒரு 150, நீங்க நாலு பேரு 550, கூலர் டூல்பாக்ஸ்னு சில்லறை வேற, 3,400ஐத் தாண்டிடும். டிரைவர் கதவத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேத்து இவ்ளோதான் ஏத்தலாம்னு. உன் போட்டோலயே கதவு தொறந்திருக்கு, பெரிசாக்கிப் பாத்தேன், 2,300 சொச்சம். ஆயிரத்துக்கு மேல எகிறுதுடா.

டீசல் இஞ்சின் நல்ல இஞ்சின்தான், ஆனா அதுவே கனம், அதுக்கே பேலோட்ல, அதான் வண்டியில ஏத்தக்கூடிய எடையில, கொஞ்சம் போயிடுது. காலேஜ்ல ஆர்எக்ஸ்100 வாங்குனப்பவும் நீ சத்தத்தக் கேட்டுத்தான் வாங்குன, ப்ரேக்கப் பாக்கவே இல்ல. அப்ப பின்னாடி உக்காந்தவன் நான். இப்ப பசங்க உக்காருவாங்க.

நீ வரப்போறது எங்க கொலராடோ மலைக்குடா. ஐ-70 ஹைவேல ஐசனோவர் டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு, அதத் தாண்டி சில்வர்தார்ன் எறக்கம் 7 சதவீதம், ப்ரேக் போன லாரிங்க ஏறி நிக்கறதுக்குன்னே ஓரத்துல மேலேறுற சரளைப் பாதை கட்டி வச்சிருக்காங்க. அங்க ஓவர்லோடுல பின் டயர் கொதிச்சுகிட்டு வந்தா எனக்கு இங்க தூக்கம் வராது.

எஃப்-350 பாரு, இல்ல ராம் 3500, சில்வராடோ 3500. 350ல அதே இஞ்சின் அதே கேபின், வெலையில பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனா பேலோட் எங்கயோ போயிடும். உன் ட்ரெய்லருக்கு பின்னாடி ஒத்தச் சக்கரமே போதும், ரெட்டச் சக்கர ட்யூவலி வேணாம், பார்க்கிங்ல அவஸ்த. ஒவ்வொரு வண்டியிலயும் ஸ்டிக்கரப் படி, ஒரே மாடல்லயே சன்ரூஃப், ஃபோர் வீல் ட்ரைவ்னு ஏத்த ஏத்த நம்பர் கொறையும். பெட் எட்டடி கெடச்சா எடுத்துக்க. ஷார்ட் பெட்னா வளைவுல ட்ரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடிய இடிச்சிடும், பின்னாடி நகத்திக்கிற ஸ்லைடர் ஹிட்ச் போடணும். ட்ரெய்லர் வந்ததும் குடும்பத்தோட, சாமானோட ட்ரக் ஸ்டாப்ல இருக்கிற எட மேடையில (CAT ஸ்கேல்) ஏத்திப் பாரு, ஆக்சில் ஆக்சிலா எட சீட்டு குடுப்பான்.

வெள்ளிக்கிழம ராத்திரிக்குள்ள 350 ஸ்டிக்கர் போட்டோ அனுப்பு, நான் கணக்குப் போட்டுச் சொல்றேன். பாலு நம்பர மாத்திட்டானாம், உங்கிட்ட இருந்தா அதையும் அனுப்பு.

முருகு