உட்கார ஸ்டூல் கேட்டவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச வேண்டியது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "உன்னையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது" என்று உன் மேனேஜர் கேட்டதைச் சொன்னாய். இரவு பதினொரு மணிக்கு வேலையை அனுப்பிவிட்டு, காலையில் ஏன் முடியவில்லை என்று குடைவதையும் சொன்னாய். கடைசியில், "எனக்குத்தான் திறமை போதவில்லை போலிருக்கிறது" என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். ராத்திரி வெந்நீரில் கால் வைத்திருப்பேன், நீ உப்புப் போடுவாய். கடையில் காலை முதல் இரவு வரை உட்காரக் கூடாது, ஆளே வராத மத்தியானத்திலும்கூட. அலமாரியில் சற்றுச் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்து நிற்பார். மலையாகப் பிரித்துப் போட்ட பிறகும் வந்தவர்கள் வாங்காமல் போனால், "இந்த மூஞ்சியைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்" என்பார். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதாலேயே தண்ணீர் குடிக்காமல் இருப்போம். கால் நரம்பு புடைத்து வீங்கியபோது என் உடம்பின் வாகு அப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சுடிதார்ப் பிரிவுப் பெண் கணுக்காலுக்கு மேல் துணியைத் தூக்கிக் காட்டினாள். அதே வீக்கம், அதே நீல நரம்பு. பக்கத்தில் இருந்தவளும் காட்டினாள். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் ஒரே கால்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில், தையல் வேலை செய்த விஜியும் அவருடன் சேர்ந்த பெண்களும் முதலில் கழிப்பறைதான் கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டதா என்று கேட்காதே. ஸ்டூல் இருந்தும் உட்காரப் பயப்படும் பெண்களை இன்றும் பார்க்கிறேன்.

அதே மேனேஜரிடம் இருந்துவிட்டு வேறு டீமுக்கு மாறிப் போன பெண்ணைப் பற்றிச் சொன்னாய் அல்லவா? அவளிடம் பேசு. ஆபீஸ் கணினியில் எழுதிக் கேட்காதே, டீ குடிக்கப் போகும்போது கேள். அவளுக்கும் இதே வசவு கிடைத்திருந்தால், குறை உன் திறமையில் இல்லை என்பது உனக்கே தெரிந்துவிடும்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். என்ன தேதி, என்ன நேரம், யார் உடன் இருந்தார்கள், என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது, உன் கோபத்தைக் கலக்காதே. வாயால் சொல்லும் வேலையை, "நீங்கள் இன்று சொன்னபடி" என்று ஒரு மின்னஞ்சலாகத் திருப்பி அனுப்பிவிடு. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். வெறும் அவமானப்படுத்தலுக்கு நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஜப்பானில் மேலதிகாரியின் கொடுமையைத் தடுப்பது முதலாளியின் கடமை என்று 2020-இலேயே சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே மனிதவளத் துறையிடம் போனால் முதலில் ஆதாரம்தான் கேட்பார்கள். அதற்குத்தான் நோட்டு.

தூக்கம் வரவில்லை, ஞாயிறு சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது என்கிறாய். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. இரவு பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடு. யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே, நம் தெருவில் பேசுவதற்கு வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

வேலையை விடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. வீட்டுக் கடனை அதில் இழுக்காதே. தவணையை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்வோம் என்று பேசி முடித்தாயிற்று. ஆனால் திட்டு வாங்கிய அன்றைக்கே ராஜினாமா எழுதாதே. முதலில் ஒரு வாரம் லீவு கேள்.

சனிக்கிழமை இரவு பஸ்ஸில் அப்பா பெங்களூர் வருகிறார். வேண்டாம் என்று போன் செய்யாதே, டிக்கெட் எடுத்தாயிற்று.

அம்மா