தொங்கவிட்டு இறுக்கிய போல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஹைபிரிட் கார் வாங்க நினைப்பவர்களுக்கு உங்கள் பத்திரிகையில் வந்த ஆலோசனையை வாசித்தேன். பற்றரியைப் பாருங்கள், பற்றரியை ஸ்கேன் பண்ணுங்கள், பற்றரி மாற்ற எவ்வளவு முடியும் என்று விசாரியுங்கள். சரி, பிழையில்லை. ஆனால் குனிந்து காரின் பின்பக்கம் கீழே ஒருமுறை பாருங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த வருடம் நான் காசைக் கொட்டியது அங்கேதான், அதுவும் ஒரே வேலைக்கு இரண்டு தடவை.

என்னுடையது இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட், ஜப்பானில் 2003இல் விற்கத் தொடங்கிய வடிவம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்தார்கள், திறந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டு என்னைப் போன்றவர்கள் பேசாமல் வீட்டுக்கு வந்து பழைய காரையே கழுவித் துடைத்து வைத்துக்கொண்டோம். உப்புவெளியிலிருந்து கிண்ணியாவில் உள்ள பாடசாலைக்குத் தினமும் அதில்தான் போய் வருகிறேன்.

முதலில் வந்தது சத்தம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒன்று. சாதாரண பெற்றோல் காரில் எஞ்சின் இரைச்சலில் இது காதில் விழாமலே போயிருக்கும். ஹைபிரிட்டில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்று மோட்டாரில் ஓடுவதால் கீழே ஒரு நட் அசைந்தாலும் வீட்டுக் கதவைத் தட்டுவது போலக் கேட்கும். பின் சீற்றுக்குப் பின்னால்தான் 201.6 வோல்ட் பற்றரி இருக்கிறது என்று தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், “பற்றரி கழன்று ஆடுது, இனி வித்துப்போடுங்கோ” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு இரண்டு நாள் நித்திரையில்லை.

நகரத்தில் ஒரு கராஜில் காட்டினேன். பெயர் வேண்டாம். சில்லு துள்ளாமல் அடக்கிப் பிடிக்கும் பின் சொக் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து அதில் தூசி படிந்து களி போல ஒட்டியிருந்தது. பின் அச்சு காரின் உடலோடு சேரும் இரண்டு முனையிலும் உள்ள பெரிய ரப்பர் புஷ் வெடித்திருந்தது. பின் ரயர்களைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார்கள், உள்விளிம்பு அலை அலையாகத் தேய்ந்திருந்தது. நான் அதுவரை பெயாரிங் இரைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்ததே அந்த ரயர் சத்தம்தான். எல்லாவற்றையும் சோடியாகவே மாற்றச் சொன்னேன், ஒரு பக்கம் புதிது மறுபக்கம் பழையது என்று விட்டால் கார் ஒரு பக்கமாகத் துள்ளும்.

அந்த வேலையின்போது ஒரு கூத்தும் நடந்தது. இந்தக் காரில் சொக்கின் மேல் முனையைக் கழற்ற வேண்டுமென்றால் டிக்கிக்குள்ளே பக்கத்துப் பிளாஸ்டிக் பலகைகளையெல்லாம் கழற்ற வேண்டும், பெரிய பற்றரியும் செம்மஞ்சள் நிற வயர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன, சின்ன 12 வோல்ட் பற்றரி வலது மூலையில். பெடியன் ஒருவன் ஒழுங்காக 12 வோல்ட்டின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினான். பிறகு தேத்தண்ணீர் குடிக்கப் போகும்போது, நாய் ஏறிவிடுமென்று டிக்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அந்தக் கதவு திறப்பது மின்சாரத்தில்! சாவிகள், ஸ்பானர், அவனுடைய போன் எல்லாம் உள்ளே. கடைசியில் பின் சீற்றை மடித்து ஊர்ந்து போய், கதவின் உள்பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்பைத் தேடித் தள்ளித்தான் திறந்தோம். இந்தக் கார் வைத்திருப்பவர்கள் அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

வேலை முடிந்து வந்தபோது கார் புதிது போல ஓடியது. ஐந்தாவது மாதம் அதே ‘டொக்’. அத்தோடு கிண்ணியாப் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்பக்கம் ஒரு வழி, பின்பக்கம் ஒரு வழி என்று ஒரு நெளிவு. திரும்பவும் அங்கே போனால் “அலைன்மென்ட் பாருங்க சேர்” என்றார்கள், அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தை. பார்த்தேன். அலைன்மென்ட் கடைக்காரர் சிரித்தார். இரண்டு பின்சில்லையும் ஒன்றாகப் பிணைக்கும் இந்த மாதிரி முழு அச்சுக்குப் பின்சில்லில் திருப்பிச் சரிசெய்ய இடமே இல்லை, கோணம் பிழையென்றால் புஷ்ஷோ அச்சோ பிழை, அவ்வளவுதான்.

கடைசியில் கிண்ணியாவில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். காரைப் பள்ளத்தின் மேல் ஏற்றி நிறுத்தி, கீழே இறங்கி, அந்தப் புஷ்ஷின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினார். அரைச் சுற்றுத்தான் திரும்பியிருக்கும், ‘டுக்’ என்று ஒரு சத்தத்தோடு உள்ளே இருந்த இரும்புக் குழாய் தானாகவே ஒரு விரலளவு சுழன்றது. டோர்ச்சை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். ரப்பரில் நகம் முழுதாக இறங்கும் அளவுக்கு வெடிப்பு. “சேர், இது புஷ்ஷுட பிழையில்ல, இறுக்கின ஆளுட பிழை” என்றார்.

விஷயம் இதுதான். புஷ் என்பது வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் காரின் உடலோடு சேர்ந்து அசையாமல் பிடித்துக்கொள்ளும், அதன்பிறகு சில்லு ஏறி இறங்கும்போதெல்லாம் முறுக்குப்படுவது ரப்பர் மட்டும்தான். காரை ஜக்கில் தூக்கி, சில்லு கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், ரப்பருக்கு அந்தத் தொங்கல்தான் இயல்பான நிலை. காரைத் தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்து, வீட்டில் சும்மா நிற்கும்போதுகூட அது முறுகியே நிற்கும். அதன் மேல் கிடங்குகளின் அடி வேறு. கிழியாமல் என்ன செய்யும்? மாட்டும்போது போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தியாசம். இதற்காகத்தான் நான் இரண்டாம் தடவை புஷ், கூலி, லீவு எல்லாம் கொடுத்தேன், இரண்டு தடவைச் செலவையும் கூட்டினால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

இரண்டாம் தடவை அவர் செய்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது பக்க போல்ட் கடல்காற்றில் துருப்பிடித்து உள் குழாயோடு ஒட்டியே போயிருந்தது, முதல் நாள் இரவே எண்ணெய் அடித்து ஊறவிட்டும் பாதிக்கு மேல் வரவில்லை, வெட்டித்தான் எடுத்தார். இங்கே கரையோரம் உள்ளவர்கள் புஷ் வாங்கும்போது போல்ட்டையும் சேர்த்து வாங்குங்கள், பிறகு ஒரு போல்ட்டுக்காகக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டிவரும். புதிய போல்ட்டுக்குக் கிறீஸ் பூசித்தான் போட்டார். புஷ்ஷுக்கும் திசை உண்டு, பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அச்சில் கீறல் போட்டு வைத்துவிட்டுத்தான் அழுத்தி வெளியே எடுத்தார்.

பில் விஷயமும் ஒன்று. முதல் கராஜின் பில்லில் “புஷ் 2” என்று மட்டும் இருந்தது. புதிதா, ஜப்பானில் உடைத்த காரிலிருந்து வந்ததா, கொப்பியா, ஒன்றும் இல்லை. பழைய சாமானைக் கேட்டபோது குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். பாவித்த சாமான் போடுவதில் தப்பில்லை, வசதிக்கேற்றபடி செய்யலாம், அதை எழுதித் தந்தால் போதும். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகையைப் பரிசோதிக்கிறார்கள். என் காரின் பின் அச்சை அங்கே ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

கோபத்தோடுதான் முதல் கராஜுக்குத் திரும்பிப் போனேன், கிழிந்த புஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு. முதலாளி இல்லை. அந்த டிக்கிப் பெடியன்தான் இருந்தான். புஷ்ஷைக் கையில் கொடுத்துச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பள்ளம் இல்லாத எங்கட இடத்தில எப்பிடி சேர் இறக்கி வைச்சு இறுக்கிறது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தக் கிண்ணியா மெக்கானிக் நானா சொல்லித் தந்ததை அவனுக்குச் சொன்னேன்: ஜக்கில் தூக்க முன்னரே, கார் தரையில் நிற்கும்போது, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொள். எல்லாம் மாட்டி முடிந்ததும் இரண்டு சில்லுக்கும் அருகே அச்சின் கீழே ஜக் வைத்து, அதே அளவு வரும்வரை உயர்த்திவிட்டு இறுக்கு. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சோக்கட்டியை எடுத்து, அப்போது அங்கே நின்றிருந்த ஒரு அக்வா காரின் பக்கத்தில் போய்க் குந்தி, ரேப்பை இழுத்து அளக்கத் தொடங்கினான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.